இடுப்பில் ஒரு மேலிடம்

மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே குடையாரின் இடுப்பு கத்தியது.

"பீப்... பீப்... பீப்."

நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் அவரவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வாராந்தரக் கூட்டத்தில் கைபேசி ஒலித்தால் மேலாளருக்கு ஆகாது. போன மாதம் ஒருவருடைய கைபேசி பாட ஆரம்பித்ததும் அதைப் பிடுங்கி, 'உரிமையாளர் அறியப்படவில்லை' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் ஏற்றிவிட்டார். உரிமையாளர் அவருக்கு எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தார். இருந்தும் மூன்று படிவம் நிரப்பி, அங்க அடையாளம் எல்லாம் சொல்லித்தான் அதை மீட்க முடிந்தது.

ஏனென்றால் அது ஒரு பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் காப்பகம். பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிற சகல சாமான்களும் அங்கேதான் வந்து சேரும். யார் எந்தச் சாமானைப் பார்த்துக்கொள்கிறாரோ அதுவே அவர் பெயர். பெட்டிகளைப் பார்ப்பவர் பெட்டி. சாவிகளைப் பார்ப்பவர் சாவி அக்கா. பல்செட், மூக்குக்கண்ணாடி, ஊன்றுகோல் மூன்றும் இருபத்தாறு வயதான ஒருவரின் பொறுப்பில் இருந்தன. அவரை எல்லோரும் 'தாத்தா' என்று கூப்பிட்டார்கள். குடைகளைப் பார்த்துக்கொள்பவர்தான் நம் குடையார்.

"குடையாரே, உங்க இடுப்புலேர்ந்துதான் வருது" என்றார் மேலாளர்.

குடையார் இருமினார். இருமல் நின்றது. பீப் நிற்கவில்லை.

"போன் இல்ல சார்."

"பின்ன?"

"ஒரு... கருவி சார்."

"கழட்டி மேசை மேல வைங்க."

"கழட்ட முடியாது சார்."

அது இன்சுலின் பம்ப். மூன்று நாளைக்கு முன்புதான் டாக்டர் பொருத்திவிட்டார். இரண்டு தீப்பெட்டியை ஒட்டவைத்த அளவு, சின்னத் திரை, இரண்டு பொத்தான்கள். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய் சட்டைக்குள் புகுந்து வயிற்றில் முடிந்தது. கையில் வில்லை மாதிரி ஒட்டியிருந்த சென்சார் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஏறுகிறது என்றும் இறங்கினால் இறங்குகிறது என்றும் பம்புக்குச் சொல்லும். பம்ப் ஊருக்கே சொல்லும்.

இதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் குடையாருக்கு நாக்கு எழவில்லை. போன வருஷம் சைக்கிள் பிரிவில் இருந்தவருக்குச் சர்க்கரை என்று அலுவலகத்துக்குத் தெரிந்துபோனது. அன்று மதியமே அவர் கையிலிருந்த பிஸ்கட்டை மூன்று பேர் சேர்ந்து பிடுங்கினார்கள். ஒருவர் தன் சித்தப்பாவுக்குக் கால் போன கதையைச் சொன்னார். இன்னொருவர் கண் போன கதையைச் சொன்னார். மேலாளர் தோளைத் தட்டி, "நீங்க இனிமே அலையக் கூடாது, கீழ்த்தளத்துல போய் நிம்மதியா உட்காருங்க" என்று அன்பாக ஆணையிட்டார். கீழ்த்தளத்துக்கு நாற்பத்திரண்டு படி. அன்று இறங்கியவரை அப்புறம் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. உதவி மேலாளர் பதவி காலியாகப்போகிற நேரத்தில் குடையாருக்கு அந்த நாற்பத்திரண்டு படியும் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

"ஏன் கழட்ட முடியாது?" என்றார் மேலாளர்.

பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வாய்க்கு வந்துவிட்டது. வீட்டில் அவர் தன் மனைவியை 'மேலிடம்' என்பார்.

"மேலிடத்து உத்தரவு சார். ராத்திரி பகல் எந்நேரமும் உடம்புலயே இருக்கணும்னு சொல்லியிருக்காங்க."

மேலாளரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "மேலிடம்னா..." கட்டைவிரலால் கூரையைக் காட்டினார். "மேலிடமா?"

குடையாரும் கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிவைத்தார்.

"இப்ப ஏன் சத்தம் போடுது?"

"அளவு மீறி ஏறிட்டுப் போகுதுன்னு எச்சரிக்கை பண்ணுது சார்."

மேலாளர் அந்த நிமிஷம்வரை பெட்டியை ஏசிக்கொண்டிருந்தவர். "என் குரலா?" என்றார்.

குடையார் வாயைத் திறப்பதற்குள் அவர் பெட்டியின் பக்கம் திரும்பி, "நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி என்று கேட்ட பெட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

குடையார் பொத்தானை அழுத்தினார். பீப் நின்றது.

"ஏத்துக்கிட்டாங்க" என்று பெருமூச்சு விட்டார் மேலாளர்.

மறுநாள் காலை குடையாரின் நாற்காலி மாறியிருந்தது. கால் ஆடும் பழைய நாற்காலிக்குப் பதிலாக, கை வைத்துக்கொள்ளத் தோதான மெத்தை நாற்காலி. அவர் நடந்துபோனால் பேச்சு நின்றது. உட்கார்ந்தால் எல்லோரும் சட்டென்று கம்பெனியைப் புகழ ஆரம்பித்தார்கள்.

பதினொரு மணிக்கு டீக்காரம்மா தட்டோடு வரும்போது சாவி அக்காவும் கூடவே வந்தாள். குடையாரின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. குனிந்து, அவர் இடுப்பைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"வணக்கமுங்க. நான் சாவிப் பிரிவு. பதிமூணு வருஷமா சர்வீஸ். என் இடம் இருட்டா இருக்குதுங்க. ஒரு சாவிக்கும் இன்னொரு சாவிக்கும் வித்தியாசமே தெரியல. ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக் கொடுத்தா புண்ணியமாப் போகும்."

"அக்கா, என்ன இது! இதுக்குக் காதெல்லாம் கிடையாதுக்கா."

"நீங்க அப்படித்தான் சொல்லணும். உங்க நிலைமை எனக்குப் புரியுது." நிமிர்ந்தவள், மறுபடி குனிந்து, "இவர் மேல தப்பில்லைங்க, இவர் எதுவும் வெளிய விடல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டீக்காரம்மா காலிக் கோப்பைக்காக நின்றிருந்தாள். குடையார் அவளைப் பார்த்து அசடு வழிந்தார்.

பம்ப் கண்ணில் படுவதால்தானே வம்பு என்று மறுநாள் அதைக் கழுத்தில் மாட்டி, பனியனுக்குள் ஒளித்துக்கொண்டு போனார். அது முன்னைவிட மோசமாகப் போயிற்று. கருவி எங்கே இருக்கிறது என்று தெரியாததால், ஆளுக்கு ஓர் இடத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். பெட்டி அவருடைய இடது தோளிடம் கூரை ஒழுகுவதைச் சொன்னார். தாத்தா அவருடைய செருப்பைப் பார்த்து, பல்செட் அலமாரிக்குப் பூட்டு வேண்டும் என்றார். வாசல் காவலாளி எதற்கும் இருக்கட்டும் என்று அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நான்கு திசையிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் மறுநாள் பம்பை மறுபடி இடுப்புக்கே கொண்டுவந்தார். கூட்டம் சீரானது. வரிசை கூட உண்டானது.

சாப்பாட்டு நேரத்தில்தான் இன்னும் கஷ்டம். சாப்பிடுவதற்கு முன்னால் எவ்வளவு சாப்பிடப்போகிறோம் என்று கணக்குப் பார்த்து, பொத்தானை அழுத்தி இன்சுலினை ஏற்ற வேண்டும். அவர் கை இடுப்புக்குப் போனதும் "பதிவு ஆரம்பிச்சுட்டார்" என்று கிசுகிசுப்பு பரவும். மென்றுகொண்டிருப்பவர்கள் மெல்லுவதை நிறுத்துவார்கள். யாராவது ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

"இந்தக் கம்பெனிக்காக உயிரையும் கொடுப்பேன்" என்றார் பெட்டி ஒருநாள், வாய் நிறையச் சோற்றோடு.

அன்று மாலை வீட்டில் குடையார் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் மனைவி தையல் மிஷின் பழுது பார்ப்பவள். அப்போதும் மடியில் ஒரு மிஷினின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து வைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பில் எண்ணெய் மடியெல்லாம் சிந்தியது.

"சர்க்கரைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? யாரையாவது ஏமாத்தினீங்களா, திருடினீங்களா?"

"சொன்னா அடுத்த நாளே கீழ்த்தளம். நாற்பத்திரண்டு படி."

"சொல்லாம இருந்தா?"

"எல்லாரும் பயப்படறாங்க. ஆனா மரியாதையா பயப்படறாங்க."

"நல்லாப் பாருங்க. உங்களுக்கா மரியாதை? உங்க வயித்துக்கு" என்றாள் மேலிடம், மிஷினை நிமிர்த்தி வைத்து.

குடையார் இரவெல்லாம் யோசித்தார். திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் கிளம்பினார். போய்ப் பார்த்தால், சாவி அக்கா ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள்! புது மேசை, புது விளக்கு. தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்ததாம். சாவிகள் வெயிலில் பளபளத்தன. சாவி அக்கா அவருடைய இடுப்பைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குடையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த வாரமே கூரை ஒழுகலை அடைக்க ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள். பல்செட் அலமாரிக்குப் பூட்டு வந்தது. யாரோ ஒருவர் போகிறபோக்கில், "பாவம், கீழ்த்தளத்துல ஒரு மனுஷன் இருக்காரே" என்று இடுப்பிடம் சொல்லிவைக்க, பத்தே நாளில் சைக்கிள் பிரிவை மேலே மாற்றி உத்தரவு வந்துவிட்டது. வெளிச்சத்துக்கு வந்த சைக்கிள்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

தற்செயல் என்று குடையார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் இரவில் படுக்கும்போது பம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் சின்னதாக ஓர் ஓட்டை இருந்தது. பாட்டரி போடுகிற இடம்தான். அதற்கு மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை மதியம் மேலாளரே வந்தார். "கொஞ்சம் இப்படி வாங்க" என்று குடையாரைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே டீக்காரம்மா குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். "நீங்க பாட்டுக்குக் கழுவுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்போட்டார். அப்புறம் கால்சட்டையை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு குடையாரின் இடுப்புக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஐயா. அந்தக் கருப்புக் குடை விஷயம்."

"எந்தக் கருப்புக் குடை சார்?" என்றார் குடையார்.

"நீங்க குறுக்கே பேசாதீங்க. நான் அவங்ககிட்டப் பேசறேன்." மேலாளர் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "நானூத்திப் பதினேழாம் நம்பர் சீட்டு. மரக் கைப்பிடி. அன்னிக்கு நல்ல மழைங்க. எடுத்துட்டுப் போனேன். மறுநாள் திருப்பி வைக்கலாம்னுதான் இருந்தேன். என் மாமியார் பார்த்துட்டு, நல்லாயிருக்கேன்னு எடுத்துக்கிட்டாங்க. அவங்ககிட்டயிருந்து எப்படிங்க திருப்பி வாங்கறது? நீங்களே சொல்லுங்க."

அந்த நானூற்றுப் பதினேழைத் தேடிக் குடையார் இரண்டு மாதம் அலைந்திருக்கிறார். கவனக்குறைவு என்று அவருக்கு மெமோ கொடுத்ததும் இதே மேலாளர்தான்.

அன்றைக்கு அந்த அதிர்ச்சியில் சாப்பிட மறந்துவிட்டார். பொத்தானை மட்டும் பழக்கத்தில் அழுத்திவிட்டார். சாப்பாட்டுக்கு வேண்டிய இன்சுலின் உடம்புக்குள் போய்விட்டது. சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது.

இரண்டரை மணிக்குக் கவுண்ட்டரில் ஒரு பயணி, "பூப்போட்ட குடைங்க, மடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கையில் குடையாருக்கு அந்தப் பயணி இரண்டாகத் தெரிந்தார். இரண்டு பேரும் குடை கேட்டார்கள். நெற்றி வியர்த்தது. விரல்கள் நடுங்கின. இடுப்பில் பம்ப், தீயணைப்பு வண்டியின் மணி போல அலற ஆரம்பித்தது.

"சர்க்கரை..." என்றார் குடையார். "சர்க்கரை... சீக்கிரம்..."

"பட்டப்பகல்ல குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கார் பாருங்க!" என்றார் பயணி.

"வாயை மூடுங்க. அவர் மேலிடத்தோட பேசிட்டிருக்கார்" என்று பெட்டி பாய்ந்துவந்தார்.

"சர்க்கரை..."

"சங்கேத வார்த்தை!" என்றார் தாத்தா. "எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க. ரெண்டு தடவை சொன்னார்."

"மூணு தடவை" என்று திருத்தினாள் சாவி அக்கா.

மேலாளர் அறையிலிருந்து ஓடிவந்தார். அலறலைக் கேட்டதும் குடைதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்து, விறைப்பாக நின்று, இடுப்புக்கு ஒரு சல்யூட் வைத்தார். "இன்னிக்கு சாயங்காலமே மாமியார்கிட்டப் பேசிடறேங்க!"

குடையார் மேசையின் மேல் மெல்லச் சரிந்தார். சரிகிறபோது அவருக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிலும் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

யாரோ அவர் தலையை நிமிர்த்தினார்கள். உதட்டில் ஒரு கோப்பை இடித்தது. திகட்டத் திகட்டச் சர்க்கரை கரைத்த தண்ணீர்.

"பேசாமக் குடிங்க சார். முழுசும் குடிங்க" என்றாள் டீக்காரம்மா. மற்றவர்களிடம், "கொஞ்சம் காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்று அதட்டினாள்.

கால் மணி நேரத்தில் பயணி ஒருவராகிவிட்டார். அலறலும் அடங்கியது. டீக்காரம்மா அவருடைய டப்பாவைத் திறந்து முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தாள். குடையார் நிதானமாக நாலு வாய் சாப்பிட்டார். பிறகு எழுந்து நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. எனக்குச் சர்க்கரை வியாதி. இது இன்சுலின் பம்ப். மேலிடம்னு நான் சொன்னது என் பொண்டாட்டியை."

தாத்தா மெதுவாகக் கை தட்டினார். பெட்டி சேர்ந்துகொண்டார். கைதட்டல் பெருகியது.

"பிரமாதம்!" என்றார் மேலாளர். "யாராவது கேட்டா இப்படித்தான் சொல்லணும்னு உத்தரவா? நம்பற மாதிரியே இருக்கு."

"நிஜமாத்தான் சார்!"

"சர்க்கரைக்காரங்க எங்கேயாவது இப்படி ஒல்லியா இருப்பாங்களா?" என்றாள் சாவி அக்கா. "இனிப்பா சாப்பிட்டுத் தீர்க்கறவங்களுக்குத்தானே அது வரும்? நீங்க டீக்கே சர்க்கரை வேண்டாம்பீங்க."

"இனிப்பு சாப்பிட்டதால வரலக்கா. என் உடம்பு இன்சுலின் சுரக்கறதையே நிறுத்திடுச்சு. அதனால வெளியிலேர்ந்து கொடுக்கிறோம். அவ்வளவுதான்."

"எவ்வளவு விவரமாத் தயார் பண்ணி அனுப்பியிருக்காங்க!" என்று வியந்தார் பெட்டி.

குடையாருக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டையைத் தூக்கி, குழாய் வயிற்றில் முடிகிற இடத்தைக் காட்டினார். எல்லோரும் அருகில் வந்து பார்த்தார்கள். மேலாளரின் கண்களில் பயபக்தி தெரிந்தது.

"உள்ளேயே பொருத்திட்டாங்களே! இனி இவரைப் பிரிக்கவே முடியாது."

அடுத்த புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. இவ்வளவு நாள் குடையார் பெயரைச் சொல்லி அலுவலகமே ஆடியிருக்கிறது. பொய் சொல்லி ஊழியர்களை மிரட்டினார் என்று வேலையையே பறித்துவிட்டால்? மனைவி அவருடைய நல்ல சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "அங்க போய்ச் சுத்தி வளைக்காதீங்க. நேரா சொல்லிடுங்க" என்றாள்.

அதிகாரி குள்ளமான, வேகமாக நடக்கிற ஓர் அம்மாள். வரவேற்புக்கு மேலாளர் கேக் வாங்கி வைத்திருந்தார். எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராக வந்து, "குடைப் பிரிவு யாரு?" என்றாள்.

குடையார் ஓரடி முன்னால் வந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வாரா வாரம் நீங்க எழுதற கடிதத்தை முதல்ல படிச்சுட்டுத்தான் மத்த வேலை. எந்த அலுவலகத்துலேர்ந்தும் இப்படி ஒருத்தர் உள்ளதை உள்ளபடி எழுதினதில்ல. உதவி மேலாளர் பதவிக்கு உங்க பேரை எழுதிட்டேன்."

"கடிதமா? நான் எழுதலையே அம்மா."

"அடக்கம்!" என்று அவள் சிரித்தாள். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். கோடு போட்ட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்கள். உருண்டு திரண்ட எழுத்து. ஒவ்வொன்றின் அடியிலும் 'இப்படிக்கு, குடைப் பிரிவு' என்றிருந்தது. சாவி அக்காவின் ஜன்னல், கூரை ஒழுகல், பூட்டு, கீழ்த்தளம் எல்லாமே அதில் இருந்தன.

அதிகாரி மேலாளர் பக்கம் திரும்பினாள். "மாமியார் குடையைக் கொடுத்துட்டாங்களா?"

மேலாளர் பக்கத்திலிருந்த அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

குடையார் மூச்சை இழுத்துக்கொண்டார். இப்போது விட்டால் அப்புறம் எப்போதும் இல்லை.

"அம்மா, கடிதம் நான் எழுதலைங்கறது சத்தியம். இன்னொண்ணும் சொல்லணும். எனக்குச் சர்க்கரை. என் இடுப்புல இருக்கறது இன்சுலின் பம்ப். இங்க எல்லாரும் இதை நீங்க கொடுத்த ஒட்டுக்கேக்கற மிஷின்னு நினைச்சுட்டாங்க. பயத்துல நானும் முதல்ல மறுத்துச் சொல்லல."

"ஒட்டுக்கேக்கற மிஷினா?" அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஆபீஸ்ல காலிங் பெல்லே ஒரு வருஷமா அடிக்கல! சர்க்கரை இருந்தா என்ன? நான் கண்ணாடி போட்டிருக்கேன், நீங்க பம்ப் போட்டிருக்கீங்க. கேக் எங்கே?"

மேலிடமே சொன்ன பிறகு எல்லோரும் நம்பினார்கள். நம்பிய மறுகணமே வேலையை ஆரம்பித்தார்கள். குடையாரின் தட்டிலிருந்த கேக்கைப் பெட்டி இடது பக்கமாகப் பிடுங்கினார். தட்டைச் சாவி அக்கா வலது பக்கமாகப் பிடுங்கினாள். தாத்தா, "எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் சார் முதல்ல கட்டைவிரல்..." என்று தொடங்கினார்.

"நீங்க அலையவே கூடாது" என்றார் மேலாளர், இழந்த குரல் திரும்பி வந்தவராக. "கீழ்த்தளம் இப்ப காலியாத்தான் இருக்கு. நிம்மதியா..."

குடையார் கையை நீட்டினார்.

"அந்தக் கேக்கைக் கொடுங்க."

"அண்ணே, உங்களுக்கு ஆகாது..."

"கொடுங்க தம்பி."

பெட்டி கொடுத்துவிட்டார். குடையார் கேக்கைத் தூக்கிப் பார்த்து எடை போட்டார். எல்லோர் கண்ணெதிரிலும் பம்பை இடுப்பிலிருந்து வெளியே எடுத்தார். எண்ணைப் போட்டார். பொத்தானை அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து, ஒரு துண்டை வாயில் போட்டு ரசித்து மென்றார்.

"எவ்வளவு கேக்குக்கு எவ்வளவு மருந்துன்னு எனக்குத் தெரியும். எனக்காக நீங்க யாரும் பட்டினி கிடக்கவும் வேண்டாம், என்னைப் பட்டினி போடவும் வேண்டாம். கீழ்த்தளத்துக்குப் போகமாட்டேன். குடை பார்க்கிறவன் எந்தத் தளத்துல இருந்தாலும் நனையமாட்டான் சார், கவலைப்படாதீங்க."

அதிகாரி முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் அவரைத் தனியாக ஒதுக்கி, "அப்ப நான் இடுப்புகிட்டச் சொன்னதெல்லாம்..." என்று இழுத்தார்.

"என் காதுல விழுந்தது சார். இடுப்புக்கு நேர் மேலதான் இருக்கு" என்றார் குடையார். "என் மெமோவைக் கிழிச்சுடுங்க."

மூன்று மணிக்கு அதிகாரி கிளம்பிப் போனாள். அறை பழையபடி ஆயிற்று. ஒருவரும் அவர் இடுப்பைப் பார்க்கவில்லை. நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து, "குடையாரே, அந்தக் கத்தரிக்கோலைக் கொடுங்க" என்றார்கள். அது அவருக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடிதம் மட்டும் மனசை அரித்தது. அதிகாரி விட்டுப்போன ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்காரம்மா சர்க்கரை இல்லாத டீயை மேசையில் வைத்தாள். தாளை எட்டிப் பார்த்தாள்.

"இந்த வாரம் யாருமே ஒண்ணும் சொல்லலையே சார். நாளைக்கு உங்க இடுப்புகிட்ட வந்து சொல்லச் சொல்லுங்களேன்."

"இனிமே யாரும்மா வருவாங்க? இதுக்குக் காது கிடையாதுன்னுதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

"அது எனக்கு முதல் நாளே தெரியும் சார், என் பொண்ணு நாலு வருஷமா இதைத்தான் இடுப்புல கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறா" என்று காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள் டீக்காரம்மா. "இத்தனை பேர் வந்து இவ்வளவு சொல்றாங்களே, யாராவது கேட்டாகணுமேன்னுதான் நான் உட்கார்ந்து எழுதிப் போட்டேன்."